கீழ்க்கை

ஆரித் தையலில் ஊசியைப் பிடிப்பது வலக்கை. இறுக்கிக் கட்டிய துணிக்கு அடியில் இருந்துகொண்டு, இறங்கி வரும் ஊசிக்கு நூலைச் சுற்றிக் கொடுப்பது இடக்கை. "கீழ எட்டிப் பாக்கக் கூடாது. பாத்தா தையல் தப்பிரும்," என்றாள் வகுப்பெடுத்த டெய்சிராணி. அன்று இலையை நிரப்பும் பாடம். முதலில் ஓரக்கோடு. பிறகு அதை ஒட்டியே சுற்றிச் சுற்றி உள்ளே வரவேண்டும். நடுவில் இருக்கும் இடைவெளி மூடும்வரை நிறுத்தக் கூடாது.

தங்கபுஷ்பத்தின் இடக்கை சீக்கிரமே பழகிக்கொண்டது. மதியம் வீட்டில் சாப்பிடும்போதும் அது மடிக்குள் நூல் சுற்றியது.

"கை என்னத்துக்கு இப்படி ஆடுது?" என்றான் கணவன் தவசிமுத்து.

"அதுவா பழகுது."

"பழகுனதெல்லாம் போதும். நாளையிலேருந்து கிளாசுக்குப் போகாத."

அவன் கையைக் கழுவிவிட்டுப் பாயில் படுத்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். பக்கத்தில் படுத்தவளும் கண்ணயர்ந்தாள்.

விழித்தபோது அவளுடைய இடக்கை அவன் தலையணைக்கு அடியில் கிடந்தது. ஊசியையும் நூலையும் வகுப்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனாலும் விரல்களுக்கிடையே நூல் ஓடுவது தெரிந்தது. வலக்கை எதையோ பிடித்திருப்பதுபோல் குவிந்து, அவன் உதட்டோரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓரக்கோடு முடிந்திருந்தது.

தவசிமுத்து கண்ணைத் திறந்தான். ஏதோ கேட்க வந்தான். வாய் பாதிக்குமேல் திறக்கவில்லை.

தலையணையைத் தூக்கினால் என்னவென்று தெரிந்துவிடும். ஆனால் கீழே எட்டிப் பார்க்கக் கூடாது. தங்கபுஷ்பம் அடுத்த சுற்றை உள்பக்கமாக ஆரம்பித்தாள்.