பூஜ்யம் யூனிட்

இலவசம் என்றால் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் கொட்டும் மழையிலும் வரிசை நிற்கும். அந்தப் புதன்கிழமை காலை, சமூகக் கூடத்தில் டெஸ்மண்டின் மேஜை முன்னால் நின்றது. ஒரு மடிக்கணினி, ஒரு தட்டு பிஸ்கட், ‘உங்கள் வீட்டுக்கு மலிவான மின்கட்டணம் எது? நாங்களே தேடித் தருகிறோம்’ என்று ஓர் அட்டை. அவன் முதலீடு அவ்வளவுதான்.

வேலையில் பொய் இல்லை. பில்லை வாங்குவான். கட்டணங்களை ஒப்பிடும் இணையதளத்தில் முகவரியையும் யூனிட்டையும் போடுவான். எந்தக் கம்பெனிக்கு மாறினால் லாபம் என்று சொல்வான். பாதி ஊர் அவனை வாழ்த்தியது. பில்லைப் பார்த்தே எந்த வீடு எப்போது பூட்டிக் கிடக்கும் என்று அவன் கண்டுபிடித்துவிடுவான் என்பதுதான் ஊருக்குத் தெரியாது.

ஆகஸ்டில்தான் சிறையிலிருந்து வந்திருந்தான். இன்னொரு முறை மாட்டினால் ஐந்து வருடம். மே மாதம் மகளுக்குக் கல்யாணம். கைகோத்து சர்ச்சுக்குள் அழைத்துப் போக வேண்டிய அப்பன் கம்பிக்குள் இருந்தால் நன்றாகவா இருக்கும்? ஆனால் மாப்பிள்ளைக்குத் தங்கக் கடிகாரம் போடுவதாக வாயை விட்டுவிட்டான். ஆகவே ஒரே ஒரு வீடு. அதுவும் ஆள் இல்லாத வீடு.

அந்த வீடு தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தது. பெயர் மேவிஸ் அக்ராய்டு. வயது எழுபத்தெட்டு.

“தம்பி, நிலைக்கட்டணம் கம்மியா இருக்கற கம்பெனியாப் பாத்துச் சொல்லு. கரண்டே எரிக்காட்டியும் தினம் தினம் வழிப்பறி பண்றானுங்க.”

டெஸ்மண்ட் பில்களைப் புரட்டினான். மற்ற மாதங்களில் வழக்கம்போல. டிசம்பரிலிருந்து மார்ச் வரை பூஜ்யம். அதற்கு முந்தின வருடமும் அப்படியே. குளிர்காலத்தில், ஹாலிஃபாக்ஸில், பூஜ்யம் யூனிட் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“குளிருக்கு ஸ்பெயினாம்மா?”

“பெனிடார்ம். வெள்ளிக்கிழமை கெளம்பிடுவேன். என் முட்டி வலிக்கு வெயில்தான் மருந்து.”

“குடுத்து வச்சவங்க. வீட்டுக்காரரும் வர்றாரா?”

“அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு. நாப்பது வருஷம் மின்சாரக் கம்பெனிக்குக் கம்பம் ஏறினாரு. ரிடையர் ஆனப்ப ஒரு தங்கக் கடிகாரம் குடுத்தானுங்க. ஷோகேஸ்ல சும்மா கெடக்கு.”

டெஸ்மண்டுக்கு உள்ளுக்குள் ஒரு குதி. நிலைக்கட்டணம் குறைந்த கம்பெனி ஒன்றை நிஜமாகவே தேடி எழுதிக் கொடுத்தான். மேவிஸ் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள் நடுப்பகலில், மஞ்சள் மேல்சட்டையும் கழுத்தில் ‘மீட்டர் பரிசோதகர்’ என்ற அட்டையுமாக அந்தத் தெருவுக்குப் போனான். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் காட்டத்தான் அட்டை. முந்தின நாள் கொட்டிய பனியில் தெருக் கூரைகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. மேவிஸ் வீட்டுக் கூரையும் எதிர்வரிசைக் கடைசி வீட்டுக் கூரையும் மட்டும் ஈரமாகப் பளபளத்தன. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஜன்னல் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. மணியை மூன்று முறை அழுத்தினான். சத்தமே இல்லை. பின்பக்கம் போனான். பூட்டு அவனுக்கு ஒரு நிமிட வேலை.

கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது.

மூலைக்கு மூலை ஹீட்டர் செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. நடுவில் சாய்வு நாற்காலி. அதில் பூப்போட்ட நீச்சலுடையும் கறுப்புக் கண்ணாடியுமாக மேவிஸ். கையில், காகிதக் குடை செருகிய பழரசம்.

ஐந்து வருடச் சிறையும் மகளின் கல்யாணமும் டெஸ்மண்டின் கண்முன்னால் ஒன்றாக ஓடின. அவன் கை பின்னால் கதவின் பிடியைத் தேடியது.

மேவிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள். பழரசம் தளும்பி மடியில் கொட்டியது.

“அடப்பாவி! நீ கம்பெனி ஆளா? அன்னிக்கு பில்லைப் பாத்தப்பவே கண்டுபிடிச்சிட்ட, இல்ல?”

டெஸ்மண்ட் குனிந்து தன் கழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டான்.

“என் வீட்டுக்காரர்தான் சார், மீட்டருக்குத் தெரியாம ஒரு வயர் இழுத்து வச்சிட்டுப் போனாரு.” தம்பி அதற்குள் சார் ஆகிவிட்டான். “குளிர்காலத்துல மட்டும்தான் சார் தொடுவேன், சத்தியமா. பெனிடார்ம் போற வசதி எனக்கு ஏது? நேத்து கூரையில பனி நிக்காம உருகினப்பவே நெனச்சேன், இது காட்டிக் குடுத்துடும்னு. போலீசுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. இந்த வயசுல கோர்ட்டுல நின்னா தெருவே சிரிக்கும்.”

டெஸ்மண்ட் மெதுவாக முதுகை நிமிர்த்தினான்.

“பெரிய தப்பும்மா. ஜெயில் எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாதே சார்.”

“எனக்குத் தெரியும்.”

மேவிஸ் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓடிப்போய் ஷோகேஸைத் திறந்தாள். தங்கக் கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி அவன் கையில் திணித்தாள்.

“உங்க கம்பெனி குடுத்ததுதான் சார் இது. நீங்களே வச்சிக்கங்க.”

“சரி, இந்த ஒரு தடவை விடறேன். இனிமே அடுத்தவன் பொருள்ல கை வைக்காதீங்க” என்றான் டெஸ்மண்ட்.

மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு துண்டு கேக்கையும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, முன்கதவைத் திறந்துவிட்டாள். பின்கதவால் ஏன் வந்தான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

தெருவுக்கு வந்த டெஸ்மண்ட், எதிர்வரிசையில் பனி நிற்காத அந்தக் கடைசி வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தான். கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த வீட்டு முன்வாசலுக்கே போய் மணியை அழுத்தினான்.