சருகுக்கு அடியில் ஒரு புங்கங்காய்

விமான நிலையத்து மதிலோரம் ஒரு புங்கமரமும் ஒரு வேப்பமரமும் நின்றன. புங்கங்கொட்டையிலிருந்து விமான எரிபொருள் செய்யத் தொடங்கியதிலிருந்து, காலைதோறும் ஆட்கள் வந்து உதிர்ந்த காய்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்கள்.

"என் பிள்ளைகள் இல்லாமல் இனி எந்த விமானமும் பறக்காது" என்றது புங்கமரம்.

"போனதில் ஒன்றாவது திரும்பி வந்து உன்னைப் பார்த்ததா, அக்கா?" என்றது வேம்பு.

"அதுகளுக்கு நேரம் ஏது?"

கேட்டுக்கொண்டிருந்த அணில் மனம் பொறுக்காமல் ஒரு காயைச் சருகுக்கு அடியில் ஒளித்தது. "இதுவாவது முளைத்து உன் பக்கத்தில் நிற்கட்டும்" என்றது. புங்கமரம் அன்று பகல் முழுவதும் அந்தச் சருகின்மேல் வெயில் படாமல் கிளையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

மறுநாள் துடைப்பம் அந்தச் சருகைக் கவனிக்காமல் தாண்டிப் போனது.

வேம்பு சிரித்தது. "பறக்க லாயக்கில்லாத பிள்ளையும் உனக்கு உண்டா, அக்கா?"

புங்கமரம் கிளையை வேகமாக உதறியது. சருகு பறந்து விலகியது. ஒரு பெண் குனிந்து அந்தக் காயை எடுத்துச் சாக்கில் போட்டாள்.

"ஐயோ, ஏன்?" என்றது அணில்.

"நல்ல இடத்துக்குத்தானே போகிறது" என்றது புங்கமரம்.

சாக்கு மதில் முனை திரும்பி மறையும்வரை புங்கமரத்தின் இலை ஒன்றுகூட அசையவில்லை.