வாசல் லைட்

வெக்ஸ்போர்ட்டில், ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்த மங்கையற்கரசி 1986இல் வாங்கிய பங்களா, 1922இல் ஒரு தச்சர் தன் கையால் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் இறந்த மகனுக்காக அவர் மனைவி சாகும்வரை வாசல் லைட்டை அணைக்கவில்லையாம். பனி விழுந்த காலைகளில் பூட்ஸ் தடம் வாசல்வரை வருமாம், திரும்பிப் போகாதாம். அயலவர்கள் சொன்னார்கள்.

"நாங்களும் எரியவிடுவம். ஊரிலை காணாமல் போன எங்கட மகன் நாலுவிரலானும் வருவான்," என்றார் கணவர் தியாகலிங்கம்.

"விசரே உங்களுக்கு? உந்த லைட்டுக்குச் செத்தவைதான் வருவினம். என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான்."

அவள் பல்பைக் கழற்றி எறிந்தாள்.

மறுநாள் காலை வாசல் பனியில் பூட்ஸ் தடம். அதன் அருகே, வழிகாட்டிக் கூட்டிவந்ததுபோல், ஒரு வெறுங்கால் தடம். வலக்காலில் நாலே விரல்.

"ஆரப்பா வந்தது?" என்றார் தியாகலிங்கம் உள்ளேயிருந்து.

"ஒருத்தருமில்லை," என்றபடி பனியைக் கூட்டித் தள்ளினாள்.