குடும்பத்துக்கு ஒருவர்

மைசூரும் முதுமலையும் குடும்பத்துக்கு ஒருவரைத்தான் உள்ளே விடும் என்று ஆனபிறகு, அருள்தாஸ் வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் அருள்தாஸ்தான். கோடை விடுமுறைச் சுற்றுலாவுக்கு அவர் காரில் கிளம்பினார். மனைவி ஜெசிந்தாவும் பிள்ளைகள் இருவரும் குரோம்பேட்டை வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, அவருடைய மூக்குக்கண்ணாடியில் பொருத்திய கேமரா வழியாக எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

பழக்கதோஷத்தில் நான்கு பேருக்குப் புளிசாதம் கட்டியிருந்தார். வேளாவேளைக்கு அதையே தின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, அரண்மனையில தரையையே பாத்துட்டு இருந்தீங்க," என்றாள் ஜெசிந்தா, காதுக்குள்.

"செருப்பைத் தேடினேம்மா."

"தும்முறதுன்னா சொல்லிட்டுத் தும்முப்பா, படம் ஆடுது," என்றான் மகன் ரூபன்.

கிளம்பியதிலிருந்து அருள்தாஸின் முகத்தை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. அவர் முகத்துக்குப் பின்னால் அல்லவா எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

முதுமலைச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தபோது சின்னவள் ஷெரின் கிசுகிசுத்தாள். "அப்பா, வண்டிக் கண்ணாடியில பாரேன்."

அருள்தாஸுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒருத்திக்காவது தோன்றியதே! வண்டியை நிறுத்தி, மீசையில் ஒட்டிய பருக்கையைத் தட்டிவிட்டு, கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சிரித்தார்.

"அதை ஏன்ப்பா திருப்புன? பின்னாடி யானை நிக்குது."

அவர் பழையபடி திருப்பிவைத்தார். முகம் போய் யானை வந்தது.

"பாவம், கூட்டத்தை விட்டுத் தனியா நிக்குது," என்றாள் ஜெசிந்தா.

"ஆமா, பாவம்தான்," என்றார் அருள்தாஸ்.