சாட்சிக்கு ஆட்டுக்கால் சூப்பு

நாகம்மாள் ஆட்டுக்கால் சூப்பை ஊதி ஊதி வேம்புலிப் பெரியவரின் வாயருகே கொண்டுபோன நேரத்தில், வக்கீல் குமாஸ்தா சம்பத் சைக்கிளோடு வாசலில் வந்து விழுந்தான்.

"ஜெயிச்சிட்டோம்! ஏரி மதகு நம்ம சேக்காட்டுக்குத்தான்! அப்பீலும் முடிஞ்சிது, இனிமே சாட்சியே வாணாம்!"

கரண்டி பாதி வழியில் நின்றது.

பக்கத்து ஊர் வெள்ளானூரோடு பதினேழு வருஷ வழக்கு. மதகைக் கட்டியது எங்கள் ஊர்தான் என்பதைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் வேம்புலி. பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். வழக்குப் போட்டபோதே வயது எழுபத்தெட்டு. சாட்சி போனால் மதகு போச்சு.

விடுவோமா?

அவர் தும்மினால் நாலு மாட்டு வண்டி பூட்டுவோம். நாலும் போட்டி போட்டு நாலு வைத்தியரோடு திரும்பும். மழையில் அவர் கொல்லைப்பக்கம் போக முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், குடைக்கு ஒருவர். பேச்சுத்துணைக்கு முறை வைத்து ஆள். எமன் வந்திருந்தால் உட்கார இடம் கிடைத்திருக்காது.

வழக்கைக் கேட்ட வெள்ளைக்கார ஜட்ஜுகள் மூன்று பேர் ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போனார்கள். ஒருவர் போய்ச் சேர்ந்தே விட்டார். வேம்புலிக்கோ தொண்ணூற்றைந்தில் புதுப்பல் முளைக்கிறது என்று ஊரே நம்பியது. நான் விரல் விட்டே பார்த்தேன்.

இப்போது நான் விசிறியைக் கீழே வைத்தேன். கால் பிடித்துக்கொண்டிருந்த உலகநாதன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். நாகம்மாள் கரண்டிச் சூப்பைத் தன் வாயிலேயே ஊற்றிக்கொண்டாள்.

"நாளிக்கி கஞ்சி நீயே காச்சிக்கோ பெரிப்பா. எங்களுக்கும் ஊடு வாசல் கீது."

வேம்புலி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"போங்க, போங்க. சுடுகாட்டுக்கு வடக்கால மூணு காணி நெலம் நம்ம ஊர்து. வெள்ளானூர்க்காரன் உழுதுகினு கீறான். எல்லைக்கல்லு எங்க பொதைஞ்சி கீதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் எடுத்துகினே போறேன்."

நான் விசிறியை எடுத்தேன். நாகம்மாள் சூப்பைச் சுடவைக்க ஓடினாள். சம்பத் வக்கீல் வீட்டுக்குச் சைக்கிளைத் திருப்பினான்.

அந்த நிலம் வெள்ளானூருடையது என்பதில் எங்களுக்கு அதுவரை ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

மதகும் முன்பு அப்படித்தான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் அவர் கால் ஒடிந்து மூன்று மாதம் தனியாகக் கிடந்தார். எட்டிப் பார்க்க ஒரு காக்கை வரவில்லை.

நாலாம் மாதம்தான் மதகைப் பற்றி வாய் திறந்தார்.