அரை நொடித் தாமதம்

மலையடிவாரத்தில் இரண்டு நில அதிர்வுப் பெட்டிகள் புதைந்திருந்தன. ஒன்று பாறைமேட்டில், இன்னொன்று ஏரிக்கரையில். எங்கோ பூமி குலுங்கினால் அதிர்வு வந்துசேரும் நேரத்தை இரண்டும் குறித்துவைக்கும். அதைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் மண்ணுக்கடியில் இருப்பதைப் படமாக வரைவார்கள்.

ஏரிக்கரைப் பெட்டிக்கு எப்போதும் அரை நொடி தாமதம்.

"தூங்குமூஞ்சி!" என்று சிரிக்கும் பாறைமேட்டுப் பெட்டி.

மானம் தாங்காமல், அடுத்த முறை நேரத்தை அரை நொடி குறைத்து எழுதப் போனது ஏரிக்கரைப் பெட்டி. அதிர்வு மூச்சிரைக்கத் தடுத்தது.

"பொய் எழுதாதே தங்கம்! அங்கே கெட்டிப் பாறை, ஓடி வந்துவிடுவேன். உனக்குக் கீழே இளகின மண். முட்டிவரை புதைந்து புதைந்து வருகிறேன். நான் பெரிதாக வரும் நாளில் இந்த மண் கூழாய்க் குலுங்கும்."

ஏரிக்கரையில் அப்போது புதுப் பள்ளிக்கூடத்துக்குக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

பெட்டி உள்ளதை உள்ளபடி எழுதியது. படத்தைப் பார்த்தவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பாறைமேட்டுக்குப் போனார்கள்.

இப்போது தினமும் மணியடித்ததும் பாறைமேட்டுப் பெட்டியின் தலைமேல் நாற்பது பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

"ஒவ்வொரு குதியையும் குறித்துவைத்தே என் தூக்கம் போச்சுடா!" என்கிறது அது, பெருமை தாங்காமல்.