லிஸ்பனில் வாங்கிய பாட்டில்

கார்க் பாதியில் உடைந்தது.

மிச்சத்தை அவர் கத்தி முனையால் உள்ளே தள்ளினார். கப்பல் சமையலறையில் எத்தனையோ பாட்டில்களைத் திறந்த கை. பழக்கத்தில் பாட்டில் வாயை மூக்கருகே கொண்டுபோனார். உடனே இறக்கிவிட்டார்.

அவள் பார்க்காத மாதிரி, சுட்ட சாளை மீனைத் தட்டில் அடுக்கினாள்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவருடைய வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும் என்றார் டாக்டர். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டார்.

அதுவரை இந்த வீட்டில் குறை இல்லாமல் ஒரு சாப்பாடு நடந்ததில்லை. புளி முந்திக்கொண்டது. இஞ்சி தூங்குகிறது. உப்பு கம்மி. கல்யாணமான மறுநாளே ஆரம்பித்துவிட்டார். அவளும் விட்டதில்லை, கப்பலுக்கே திரும்பிப் போங்கள் என்பாள்.

இப்போது எதைப் போட்டாலும் சாப்பிடுகிறார். தட்டைக் கழுவி வைக்கிறார். நல்லா இருக்கு என்கிறார்.

அந்த 'நல்லா இருக்கு' அவளுக்கு ஆகவே ஆகவில்லை.

பாட்டில், கடைசிப் பயணத்தில் லிஸ்பனில் வாங்கியது. கல்யாண நாளுக்கென்று வைத்திருந்தார். இன்று அந்த நாள். காலையில் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும், மருமகனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்.

"அவரு என்னத்தக் கண்டாரு? நான் குடிச்சுச் சொல்லுதேன்."

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை அவள்.

மூன்று வகைத் திராட்சைகளைக் கலந்து செய்த வைன். ஒன்று நிறத்துக்கு, ஒன்று வாசனைக்கு, ஒன்று நாக்கைப் பிடிப்பதற்கு. அதற்கு எதெது சேரும் என்று துறைமுகத்திலிருந்து ஃபோனில் பாடமே எடுத்திருக்கிறார். சுட்ட சாளை. கொழுப்போடு ஆட்டுக்கறி. கெட்டியான சீஸ்.

எல்லாம் செய்துவிட்டாள். சீஸ் மட்டும், பிள்ளைகள் தின்னும் ஜிகினாத்தாள் சுற்றியதுதான் கடையில் கிடைத்தது.

குடித்தாள். முகம் கோணியது.

"நாவப்பழம். கொட்டையோட மென்ன மாதிரி."

"அப்புறம்?"

"மிளகு இருக்கு. மழையில நனைஞ்ச மரக்கட்டையும் இருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மீனோடு குடித்தாள். கசப்பு கொஞ்சம் அடங்கியது என்றாள். சீஸ் தேறாது என்றாள். கறியோடு குடித்துவிட்டு, வாயிலிருந்த கொழுப்பை இது துடைத்துவிட்டுப் போகிறது என்றாள்.

"அதேதான்!" என்று மேசையைத் தட்டினார்.

எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. அவள் தன் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

ஒரு வாய் குடித்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"நாக்கு வறளுது. அது தெரியுது."

அவள் அவசரமாக ஒரு துண்டுக் கறியை அவர் தட்டில் வைத்தாள். கேட்க வேண்டியதெல்லாம் அவள் முகத்தில் இருந்தது.

மென்றார். மெல்ல மென்றார். தட்டைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார்.

"உப்பு கம்மி, ஹில்டா."

அடுக்களைக்கு ஓடினாள். உப்புச் சாடியைத் திறக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்தாள். அடுப்பருகே இருந்த கறிச்சட்டியை விரலால் வழித்து, சும்மா நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

உப்பு சரியாக இருந்தது.

இறக்கும்போதும் பார்த்தாளே. அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

இன்னொரு முறை வழித்துப் பார்த்தாள்.

பிறகு சாடியை மூடினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து, மடக்கிய விரல்களை அவர் கறிமேல் வைத்து உதிர்த்தாள். விரல்களில் ஒன்றும் இல்லை.

அவர் ஒரு துண்டை எடுத்து மென்றார்.

"ம். இப்பதான் சரி."

"உங்க நாக்குக்கு ஆக்கிப்போட யாரால முடியும்?" என்று சிடுசிடுத்துக்கொண்டே, அவர் முன்னிருந்த டம்ளரை விளிம்புவரை நிரப்பினாள்.